எடை குறைக்கும் வழி



விருதுநகர், எண்ணெய் வணிகத்திற்கும் எண்ணெயில் பொரித்த புரோட்டாவுக்கும் பெயர்பெற்றது. சிவகாசிப் பட்டாசு, தீப்பெட்டிப் பணிகளில் பல அமர்ந்தே செய்யப்படுபவை. எண்ணெய் மிகுந்து நடை குறைந்தால் எடை கூடும்.

கூடிய எடையைப் பட்டினியால் விரட்ட முயல்வோர் பலர். அப்போது கொழுப்போடு தசையும் கரைகிறது. பழைய உணவுக்குத் திரும்பியதும் எடையும் திரும்புகிறது. மருத்துவர்கள் பரிந்துரைப்பது வாரத்திற்கு அரைக் கிலோ என்னும் மெதுவான குறைப்பே. உடல் எடையில் 5 முதல் 10 விழுக்காடு குறைந்தாலே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் தணியத் தொடங்கும்.

இதற்கு நாள்தோறும் ஏறத்தாழ 500 கலோரி குறைய வேண்டும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி உண்டு. இரண்டு கரண்டியைத் தவிர்த்தாலே ஏறக்குறைய பாதி குறைந்துவிடும். எஞ்சியது சோற்றின் அளவிலும் மாலை நடையிலும் அடங்கும். இம்மாவட்டத்தில் விளையும் குதிரைவாலியும் கம்பும் நார்ச்சத்து மிக்கவை. ஆயினும் கலோரியில் அரிசியை ஒத்தவையே. தானியத்தை மாற்றி அளவை மாற்றாதவர்க்கு எடை இறங்காது. பருப்பும் பயறும் தசையைக் காக்கும்.

சமணம் வகுத்த புறத்தவங்கள் ஆறனுள், உண்ணாநோன்பாகிய அனசனத்தை அடுத்து நிற்பது அவமௌதரியம். அதாவது, வயிறு நிறையுமுன் கையெடுத்தல். நோன்பின் நோக்கம் எடை குறைப்பன்று. மேலும், நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ கொள்வோர் மருத்துவரைக் கேளாது நோன்பு ஏற்றால், சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து உயிருக்கே ஊறு நேரலாம். பசி சற்று எஞ்சியிருக்கும்போதே இலையை விட்டு எழுவதோ, ஆண்டு முழுவதும் இயலும் தவம்.