ஒரு பெயரும் விடுபடாமல்

(பழைய மாணவிகள் சங்க ஒன்றுகூடலில் மலர் வடிவமைப்புக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



மலர் வேலை எப்படி நடக்கிறது என்று சொல்லச் சொன்னீர்கள். நாங்கள் நால்வர். இருவர் மட்டக்களப்பில், ஒருவர் லண்டனில், ஒருவர் ரொறன்ரோவில். இங்கே விடியும்போது ரொறன்ரோவில் இரவு. ஒழுங்கு இல்லாவிட்டால் ஒருவர் திருத்தியதை மற்றவர் அறியாமல் அழித்துவிடுவோம்.

இதை நாங்கள் பட்டுத்தான் படித்தோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு மலர் செய்தோம். கணினியில் 'இறுதி', 'இறுதி புதியது', 'உண்மையான இறுதி' என்று மூன்று கோப்புகள் கிடந்தன. பழையது அச்சுக்குப் போய்விட்டது. காலமானவர்களின் பக்கத்தில் எங்கள் தோழி ஒருத்தியின் பெயர் இல்லை. அவளுடைய அம்மா அந்தப் பக்கத்தை இரண்டு தரம் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் மூடி வைத்தார். பிழை எங்களுடையது.

இந்த முறை மூன்று விடயங்களில் கண்டிப்பாக இருக்கிறோம்.

முதலாவது எழுத்து. பாதி ஆக்கங்கள் பாமினியில் வருகின்றன, பாதி யுனிகோட்டில். பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் எழுத்துரு. அதை யுனிகோட்டுக்கு மாற்றும்போது இடையிலுள்ள ஆங்கிலச் சொற்கள் பொருளற்ற தமிழாகிவிடும். ஆகவே எல்லாவற்றையும் முதலில் யுனிகோட்டாக்கி, மெய்ப்புப் பார்த்த பின்பே பக்கம் அமைக்கிறோம்.

இரண்டாவது படம். ஏ4 பக்கம் முழுவதும் தெளிவாக அச்சாக 2480க்கு 3508 பிக்சல் வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். 'டொக்கியுமென்ட்' ஆக அனுப்புங்கள். 1978 சூறாவளியிலும் 2004 சுனாமியிலும் எத்தனையோ வீடுகளின் அல்பங்கள் போய்விட்டன. கல்லடி, நாவலடிப் பிள்ளைகளுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உங்கள் வெளிநாட்டு வீட்டு அலுமாரியில் இருக்கும் வகுப்புப் படம் ஒரே பிரதியாக இருக்கலாம். ஸ்கான் செய்த மூலக் கோப்பில் நாங்கள் கை வைப்பதில்லை, பிரதியில்தான் வேலை. மூலம் மூன்று இடங்களில் இருக்கும், அதில் ஒன்று கடல் கடந்து.

மூன்றாவது பெயர். கோப்பின் பெயர் திகதியில் தொடங்கும். 'இறுதி' என்ற சொல்லுக்கே தடை. ஒரு பக்கம் ஒரு நேரத்தில் ஒருவர் கையில் மட்டும். பெயர்ப் பட்டியலைக் கடதாசியில் எடுத்து, ஒருவர் உரத்து வாசிக்க, மற்றவர் மூலத்தோடு ஒப்பிடுவார். மெதுவான வேலைதான். ஆனால் அச்சான பின் திருத்துவதற்கு வழியில்லை.

மலர் வெளிவந்த பின் கோப்புகள் அனைத்தையும் பாடசாலை நூலகத்தில் ஒப்படைப்போம். அடுத்த மலரைச் செய்யப்போகும் தங்கைமார் வெறுங்கையோடு தொடங்கக் கூடாது.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: உங்கள் வகுப்பில் காலமானவர்களின் பெயர்களை, வீட்டாரிடம் எழுத்துக் கேட்டு அனுப்புங்கள்.