சாக்கோட்டை தந்த சரித்திரப் பேராசிரியர்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



மைசூர் பாங்க் சதுக்கத்தின் அருகே சென்ட்ரல் கல்லூரியின் பழைய கட்டடத்தை நீங்கள் எத்தனையோ முறை கடந்து சென்றிருப்பீர்கள். கும்பகோணத்தை அடுத்த சாக்கோட்டையில் 1871-இல் பிறந்த எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் பாடஞ் சொன்ன இடம் அது. சென்னைப் பல்கலைக் கழகம் 1914-இல் இந்திய வரலாற்றுக்கென ஒரு துறை கண்டபோது, முதற் பேராசிரியராய் அமர்ந்தவர் அவரே. 1929 வரை, பதினைந்து ஆண்டுகள் அத்துறையை நடத்தினார்.

அந்நாளில் தென்னாட்டு நூல்களில் சரித்திரம் ஏது என்று கேட்டவர் பலர். அவர் வாதாடவில்லை. விசயநகரத்தைப் பற்றி வடமொழியிலும் தெலுங்கிலும் தமிழிலும் கிடைத்த காவியப் பகுதிகளையும் கோயில் வரலாறுகளையும் திரட்டி, 1919-இல் ஒரே தொகுதியாக அச்சேற்றினார். பல்கலைக் கழக வரலாற்று வரிசையின் முதல் நூல் அது.

அவருடைய சொந்த முடிபுகள் சிலவற்றைப் பின்வந்தோர் ஏற்கவில்லை. சங்க கால ஆராய்ச்சியில் அது சகஜமே. நான் பெரிதாக மதிப்பது வேறொன்றை. சத்தியநாதையரின் மதுரை நாயக்கர் வரலாறு 1924-இலும், கோபாலனின் பல்லவர் வரலாறு 1928-இலும் வெளிவந்தன. இரண்டையும் பதிப்பித்தவர் இவர். பிறர் நூலைச் செப்பனிடுவதில் உழைப்பு மிகுதி, பெயர் குறைவு. எழுதுகிறவர்களுக்கு இது நன்றாய்த் தெரியும்!

இராபர்ட் சுவெல் என்ற ஆங்கிலேயர் தென்னாட்டுச் சாசனச் செய்திகளை ஆண்டு வரிசையில் தொகுத்து வைத்துவிட்டு 1925-இல் காலமானார். அத்தொகுப்பு 1932-இல் நூலாயிற்று. பதிப்பாசிரியர் கிருஷ்ணசாமி ஐயங்கார். பதவியிலிருந்து ஓய்வு பெற்று மூன்றாண்டுகள் ஆன பிறகும், மாண்டவர் ஒருவரின் பணியைத் தம் தோளில் ஏற்றார்.

அவருக்குப் பின் சென்னையில் அப்பதவியை ஏற்ற நீலகண்ட சாஸ்திரியார், 1952-இல் மைசூர்ப் பல்கலைக் கழகத்துக்குப் பேராசிரியராக வந்தார். இங்கிருந்து போன கடன் திரும்பி வந்ததென்றே எனக்குத் தோன்றும்.

"நமக்கு இவ்வூரில் என்ன உறவு?" என்று சென்ற மாதம் ஒரு சிறுவன் என்னிடம் கேட்டான். தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகளைக் காட்ட அவனை அழைத்துச் சென்றேன். எழுத்துக் கூட்டிப் பார்த்தான். ஓரிரண்டு எழுத்துகளே பிடிபட்டன. மறுபடி வரவேண்டும் என்றான்.

நம் சங்க நூலகத்தில் இப்பேராசிரியரின் நூல்கள் இடம்பெற வேண்டும். செலவில் என் பங்கை இன்றே செயலாளரிடம் கொடுத்துவிட்டுத்தான் இறங்குகிறேன்.