உணர்ச்சியும் நிர்வாகமும்: யாருடைய அளவுகோல்?

(நல்லேப்பிள்ளியில் கட்சி உறுப்பினர்களுக்கு நடைபெற்ற வகுப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



"பெண்கள் உணர்ச்சிவசப்படுவார்கள்; நிர்வாகத்திற்கு நிதானம் வேண்டும்" என்னும் பேச்சு அரசு அலுவலகங்களில் மட்டுமல்ல, நமது கூட்டங்களிலும் ஒலிக்கிறது. குடிநீர் வரவில்லை என்று பஞ்சாயத்துக் கூட்டத்தில் ஆண் உறுப்பினர் மேசையைத் தட்டினால் அவர் போர்க்குணம் மிக்கவர். அதே கோரிக்கைக்குப் பெண் உறுப்பினர் குரல் உயர்த்தினால் அவர் ஆத்திரக்காரி. கோபம் ஒன்றுதான், அளவுகோல் மட்டும் இரண்டு.

இந்த அளவுகோல் ஒரு காலத்தில் சட்டவிதியாகவே இருந்தது. இந்திய வெளியுறவுப் பணியின் முதல் பெண் அதிகாரி சி.பி. முத்தம்மா. பெண் அதிகாரி திருமணம் செய்துகொள்ள அரசின் எழுத்துப்பூர்வ அனுமதி பெற வேண்டும், குடும்பப் பொறுப்புகள் பணிக்கு இடையூறாகும் என்று அரசு கருதினால் அவரைப் பதவி விலகச் சொல்லலாம் என்று அப்பணியின் 1961ஆம் ஆண்டு விதி கூறியது. ஆண் அதிகாரிக்கு இத்தகைய விதி இல்லை. பதவி உயர்வு மறுக்கப்பட்ட முத்தம்மா உச்சநீதிமன்றம் சென்றார். வழக்கு நடக்கும்போதே அவருக்குப் பதவி உயர்வு வழங்கப்பட்டதால் மனு தள்ளுபடியானது. ஆயினும், 1979இல் தீர்ப்பு எழுதிய நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், குடும்பப் பொறுப்பு இடையூறு என்றால் அது ஆணுக்கும் பொருந்துமே என்று கேட்டார்; பாகுபாடான விதிகளைக் களையுமாறு அரசுக்கு வலியுறுத்தினார். அவர் நமது பாலக்காட்டு மண்ணில் பிறந்தவர், 1957இல் இ.எம்.எஸ். அமைச்சரவையில் இடம்பெற்றவர்.

விதி மறைந்தது, மனப்பான்மை மறையவில்லை. இராணுவத்தில் பெண் அதிகாரிகளின் நிரந்தரப் பணி குறித்த வழக்கில் 2020இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெண்களின் தலைமையை ஏற்க ஆண் சிப்பாய்கள் மனத்தளவில் இன்னும் பழகவில்லை என்று அவ்வழக்கில் ஒன்றிய அரசு வாதிட்டது. தோழர்களே, கவனியுங்கள்! பெண்ணின் உணர்ச்சி குறையாகக் காட்டப்படும் நாட்டில், ஆணின் மனத்தயக்கம் அரசின் நியாயமாக முன்வைக்கப்பட்டது. நீதிமன்றம் அதை நிராகரித்தது.

இதன் வேர் வெறும் மனக்கோளாறு அன்று. சமையலும் குழந்தை வளர்ப்பும் முதியோர் பராமரிப்பும் கூலியில்லா உழைப்பாகப் பெண்ணின் தலையில் சுமத்தப்பட்டுள்ளன. வீட்டில் வேறொருத்தி இந்த வேலைகளைச் செய்துகொண்டிருக்கிறாள் என்ற எண்ணத்திலேயே அலுவலக நேரமும் கூட்ட நேரமும் வகுக்கப்படுகின்றன. அச்சுமையோடு வருபவள் சோர்ந்தால், அதற்கு "உணர்ச்சி" என்று பெயரிடுகிறோம்.

அவ்வாறாயின் நிர்வாகத்தில் உணர்ச்சிக்கு இடமில்லையா? உண்டு. விதவை ஓய்வூதிய விண்ணப்பம் மாதக்கணக்கில் கிடக்கும்போது அந்த வீட்டின் அடுப்பை நினைத்துப் பதறாத அதிகாரி நிதானமானவர் அல்லர், மரத்துப்போனவர். ஆனால் சாதிப்பற்றும் உறவுப்பாசமும் கூட உணர்ச்சிகள்தாம். எனவே பரிவு பிரச்சினையைக் கண்டறியட்டும். தீர்வு எல்லோருக்கும் பொதுவான விதியின்படி அமையட்டும். இது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே இலக்கணம்.

73ஆவது அரசியல் சட்டத்திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தபோது உள்ளாட்சியில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் உறுதியானது. கேரளம் அதைப் பாதியாக உயர்த்தி, 2010 தேர்தலில் நடைமுறைப்படுத்தியது. இடம் கிடைத்தது. அதிகாரமும் கிடைத்ததா? மனைவியின் தொலைபேசியைக் கணவர் எடுத்துப் பதில் சொல்லும் வரை கிடைக்கவில்லை என்றே பொருள்.

ஆகவே நமது கிளைகளிலிருந்தே தொடங்குவோம். பெண் தோழர்கள் வரக்கூடிய நேரத்தில் கூட்டம் கூட்டுவோம். அவர்கள் பேசும்போது குரலின் ஏற்றத்தை அல்ல, கோரிக்கையின் நியாயத்தை எடைபோடுவோம். தேநீர்க் கோப்பைகளைக் கழுவும் பொறுப்பை நாமும் ஏற்போம். சமத்துவம் பேசும் கட்சிக்கு அதுவே முதல் சோதனை.