முதுமையில் ஒரு தேன்பெட்டி
(ஹந்தானைக் கமக்காரர் முன்னிலையில் விவசாயப் போதனாசிரியர் நிகழ்த்திய பேச்சு)



வயலை மகனிடம் ஒப்படைத்தபின் திண்ணையில் வெறுமனே இருத்தல், 40 ஆண்டு மண்வெட்டி பிடித்த கைகளுக்குப் பெருந்துன்பம் என்பதை என் தந்தையாரிடமே கண்டேன். அவருக்குப் பொழுதையும், எமது பூசணிக் கொடிகளுக்குக் காயையும் தந்தது ஒரு தேன்பெட்டியே.

நம் நாட்டுத் தேனீ சிறியது, சாந்தமானது. நியூட்டன் பாதிரியார் 1910ஆம் ஆண்டளவில் தென்னிந்தியாவில் அமைத்த சிறு பெட்டி அதற்குப் பொருந்தும். அதனை நிழலில், தாங்கியின் காலுக்கொரு நீர்ச்சிரட்டை இட்டு வைக்குக; எறும்பு ஏறாது. ஹந்தானைச் சரிவிலுள்ள பைனஸ் மரங்களில் தேன் கிடையாது. தென்னையும் வீட்டுத்தோட்டமும் அருகிருத்தல் நன்று. பூக் குறைந்த மழைநாட்களில் சீனிப்பாகு வைத்தல் வேண்டும். தேன் முழுவதையும் எடுத்தால் கூட்டம் பறந்துவிடும்.

இளைஞர்களுக்கும் ஒரு சொல். பூசணிப்பூ விடியலில் மலர்ந்து நண்பகலுக்குள் கூம்பும். மகரந்தத்தைப் பெண்பூவிற் சேர்ப்பது பெரும்பாலும் தேனீயே. அவ்வேளையில் நஞ்சு தெளித்தால் தந்தையின் பெட்டி அழியக்கூடும். எம் வீட்டில் ஒருமுறை அவ்வாறே நிகழ்ந்தது, தெளித்தவன் நானே. தந்தையார் ஒன்றும் கூறவில்லை. இறந்த ஈக்களை முறத்தில் அள்ளிக்கொண்டிருந்தார்.

நஞ்சு இன்றியமையாததாயின், சூரியன் மறைந்தபின் தெளியுங்கள். முதல்நாளே பெரியவரிடம் சொல்லிவிடுங்கள்.