பழைய கணினியும் புதிய செய்நிரலும்



பழைய கணினி ஒன்றிலே புதிய செய்நிரலை இயக்குதல் கூடுமா என்பதே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள். நகரத்தில் வாழ்வோர்க்கு இஃது ஓர் அற்ப வினாவாகத் தோன்றலாம். பழையது பயன்படாவிடின் புதியதொன்றை வாங்கிக்கொள்ளலாமே என்று அவர்கள் விடை கூறிவிடுவர். பூண்டுலோயாவிலும் இறம்பொடையிலும் தவலந்தன்னையிலும் அந்த விடை செல்லாது. தோட்டத்து வாசிகசாலைக்கும் பாடசாலைக்கும் வந்து சேரும் கணினி, பல வேளைகளில், வேறெங்கோ ஓர் அலுவலகம் பயன்படுத்திக் கழித்துவிட்ட கணினியே ஆகும். 2022 ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்திற்குள் 360 ரூபாவைத் தொட்ட பின்னர், புதுக் கணினி என்பது நாட்சம்பளம் பெறும் குடும்பமொன்றிற்கு எட்டாக் கனியாயிற்று. பல்கலைக்கழக அனுமதிக்குரிய விண்ணப்பமோ இக்காலத்தில் இணையத்தின் வழியே அனுப்பப்பட வேண்டியது. ஆகவே, லயத்து வீட்டில் இருக்கும் அந்தப் பழைய பெட்டி இயங்குமா இயங்காதா என்பது ஒரு பிள்ளையின் எதிர்காலத்தோடு தொடர்புடைய வினாவாகிவிடுகின்றது. கைப்பேசி இருக்கின்றதே என்பார் உளர். நீண்ட விண்ணப்பத்தையும் கட்டுரையையும் கைப்பேசியின் சிறு கண்ணாடியிலே தட்டி முடிப்பதன் துன்பத்தை அவர்கள் அறியார். அன்றியும், கைப்பேசிக்கும் மூப்பு உண்டு. ஆண்ட்ரொய்ட் 5 க்கு முந்திய கைப்பேசிகளை வட்சப் 2023 அக்டோபரிலேயே கைவிட்டுவிட்டது.

கொத்மலைக்கும் கணினிக்கும் உள்ள உறவு நேற்று இன்று ஏற்பட்டதன்று. மகாவலித் திட்டத்தின் கீழ்க் கட்டப்பட்ட நீர்த்தேக்கத்தினால் இடம்பெயர்ந்த மக்களை மனத்திற்கொண்டு 1989 ஆம் ஆண்டிலே அங்கே ஒரு சமுதாய வானொலி தொடங்கப்பெற்றது. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தைச் சார்ந்த அந்நிலையத்தில், 1998 ஆம் ஆண்டளவில், யுனெஸ்கோவின் துணையோடு இணைய இணைப்பு ஏற்படுத்தப்பட்டது. கம்பளை, நாவலப்பிட்டி ஆகிய ஊர்களின் நூலகங்களிலும் மக்கள் இணையத்தை அணுகுவதற்கு வசதி செய்யப்பட்டது. கணினியைக் கண்டிராத ஒருவர் தமது ஐயத்தை நிலையத்துக்குத் தெரிவிப்பார். அறிவிப்பாளர் இணையத்திலே தேடி, பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருந்த விடயத்தைப் பெரும்பாலும் சிங்களத்திலே விளக்கிச் சொல்லுவார். புதிய கருவியின் பயனைப் பழைய கருவி ஒன்றின் வழியாக ஊருக்குக் கொடுத்த இம்முறை உலகின் பல பாகங்களிலும் எடுத்துப் பேசப்பட்டது.

அக்காலத்திலே தமிழின் நிலை யாது? நாட்டிற் பரவலாக இருந்த கணினிகளிலே விண்டோஸ் 95, விண்டோஸ் 98 என்பனவே இயங்கின. உலக மொழிகளின் எழுத்துக்கெல்லாம் தனித்தனி எண் வகுத்த ஒருங்குறி என்னும் முறையிலே 1991 ஆம் ஆண்டிலேயே தமிழுக்கு இடம் கிடைத்திருந்தது. ஆயினும், விண்டோஸ் வரிசையிலே அத்தமிழைக் காட்டவல்லதாய் முதலில் வந்தது 2000 ஆம் ஆண்டு பெப்ரவரியில் வெளியான விண்டோஸ் 2000 ஆகும். இடைக்காலத்தில் நம்மவர்க்குக் கைகொடுத்தது பாமினி எழுத்துரு. ஆங்கில எழுத்தின் இடத்திலே தமிழ் வடிவத்தை ஏற்றிவைத்த தந்திரம் அது. அந்த எழுத்துரு இல்லாத கணினிக்கு ஒரு பாமினிக் கடிதம் போய்ச் சேர்ந்தால், மெய்யெழுத்துக்குரிய புள்ளியெல்லாம் அரைப்புள்ளியாக மாறி, பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாக அது நிற்கும்.

ஒருங்குறித் தமிழை விண்டோஸ் 98 இலே காட்டுவதில் இருந்த இடர்ப்பாட்டை விளக்குதற்கு வேறு உதாரணம் வேண்டுவதில்லை. கொத்மலை என்னும் பெயரே போதும். 'கொ' என்னும் எழுத்திலே கொம்பு ககரத்தின் இடப்பக்கத்திலும் கால் வலப்பக்கத்திலும் நிற்கின்றன. 'லை' என்பதிலே ஐகாரக் குறி லகரத்துக்கு முன்னே நிற்கின்றது. கணினியின் நினைவகத்திலோ முதலில் மெய், பின்னர் உயிர்க்குறி என்ற வரிசையே உண்டு. அவ்வரிசையைக் கண்ணுக்குரிய வரிசையாக மாற்றித் தரும் பணியாள் ஒருவன் கணினிக்குள் இருத்தல் வேண்டும். விண்டோஸ் 98 இல் தமிழறிந்த பணியாள் இருக்கவில்லை. ஆகவே குறிகள் இடம் மாறி நின்றன. சில இடங்களில் எழுத்துக்குப் பதிலாகக் கேள்விக்குறிகளே வரிசையாக நின்றன.

இதற்கு அக்காலத்துத் தமிழர் கண்ட வழி, நமது இன்றைய பொருளுக்கு நேரான சான்று. பழைய விண்டோஸை அவர்கள் அகற்றிவிடவில்லை. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் உலாவியின் புதிய பதிப்புக்களோடு அந்தப் பணியாளின் வேலையைச் செய்யும் சிறு கோப்பொன்றும் வந்தது. அதனையும் ஓர் ஒருங்குறி எழுத்துருவையும் பழைய விண்டோஸிலே கொண்டுவந்து சேர்த்தபோது, மற்ற இடங்களில் இல்லாவிட்டாலும், உலாவிக்குள்ளாவது தமிழ் தமிழாகத் தெரிந்தது. தமிழ்நாட்டு அதிராம்பட்டினத்தைச் சேர்ந்த உமர் தம்பி என்பார் அமைத்த 'தேனீ' எழுத்துரு, இணையப் பக்கத்தோடு தானும் உடன் வந்து எழுத்தைக் காட்டிற்று. புதியதைப் பழையதன்மேல் ஏற்றும் கலையைத் தமிழர் தம் எழுத்தின் பொருட்டே முதலிற் பயின்றனர் என்று நான் கூறுவது மிகையாகாது.

இனி, புதிய செய்நிரல் பழைய கணினியிலே ஏன் இயங்க மறுக்கின்றது என்பதைச் சற்று உள்ளே சென்று பார்ப்போம். கணினி கிழடாகிவிட்டது, அதனாலே இயங்கவில்லை என்று பலரும் எண்ணுகின்றனர். அது பாதி உண்மையே. எந்தச் செய்நிரலும் தனியே நின்று தொழில் செய்வதில்லை. கோப்பைத் திறக்கவும், எழுத்தைத் திரையில் இடவும், நேரத்தை அறியவும் அது விண்டோஸ் போன்ற பணிசெயல் முறைமையிடமே கேட்டுப் பெறுகின்றது. நாவலப்பிட்டி வைத்தியசாலையிலே வைத்தியர் எழுதிக் கொடுத்த சீட்டைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோகும் ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். சீட்டில் உள்ள பத்து மருந்துகளில் ஒன்பது அலுமாரியில் இருக்கின்றன. பத்தாவது, அண்மையில் வந்த மருந்து, அங்கே இல்லை. மனிதராகிய மருந்தாளர் ஒன்பதையாவது கொடுத்து அனுப்புவார். விண்டோஸ் அவ்வாறு செய்வதில்லை. செய்நிரல் தொடங்கும்போதே சீட்டு முழுவதையும் படித்து, ஒன்று குறைந்தாலும் கதவை அடைத்துவிடும்.

அந்த ஒன்று எத்துணைச் சிறியதாகவும் இருக்கலாம். கணினி தொடங்கி எவ்வளவு நேரமாயிற்று என்பதை ஆயிரத்திலொரு விநாடிக் கணக்கிலே கூறும் அழைப்பு ஒன்று பழைய விண்டோஸில் இருந்தது. அதன் எண்ணிக்கை 49 நாளும் 17 மணியும் கடந்தால் நிரம்பி மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்கும். இக்குறையைத் தீர்ப்பதற்காக 'கெட் டிக் கவுண்ட் 64' என்ற பெயரிலே பெரிய எண்ணிக்கை கொண்ட வேறோர் அழைப்பை விண்டோஸ் விஸ்டாவிலே சேர்த்தனர். அதற்கு முந்திய எக்ஸ்பியிலே அஃது இல்லை. எக்ஸ்பி கணினியை 49 நாள் தொடர்ந்து ஓடவிடாத ஒருவருக்கு அதனால் ஆவதொன்றுமில்லை. ஆயினும் அந்த அழைப்பைச் சீட்டில் எழுதிக்கொண்ட செய்நிரல், அது கிடையாமையால், எக்ஸ்பியிலே அடியெடுத்து வைக்கவே மாட்டாது.

வேறு சில செய்நிரல்கள் அலுமாரியைத் திறந்து பார்ப்பதுமில்லை. பணிசெயல் முறைமையின் பதிப்பெண்ணைக் கேட்கின்றன. எண் சிறிது என்றால் திரும்பிவிடுகின்றன. இவற்றுட் சில, பெரிய எண்ணைச் சொல்லி ஏமாற்றினால், எக்குறையுமின்றி இயங்குவதும் உண்டு.

இந்தக் குறையை நிரப்புவதையே பொழுதுபோக்காகவும் தொண்டாகவும் கொண்டோர் உலகெங்கும் உளர். விண்டோஸ் 98 க்கு 'கேர்னெல்எக்ஸ்' என்றொரு துணைச் செய்நிரலை அத்தகையோர் ஆக்கினர். அலுமாரியில் இல்லாத மருந்துக்கு ஈடான மருந்தை அறிந்து கொடுக்கும் கெட்டிக்கார மருந்தாளர் போன்றது அது. எக்ஸ்பிக்கும் இவ்வாறான முயற்சிகள் உண்டு. புதிய உலாவிகளைப் பழைய விண்டோஸுக்கேற்ப மாற்றியமைத்து வெளியிடுவோரும் உண்டு. இவர்களது உழைப்பை நான் போற்றுகின்றேன். ஆயினும், இதனையே வழியாகக் கொள்ளுமாறு ஒரு தோட்டப் பாடசாலைக்கு நான் சொல்லமாட்டேன்.

ஏனெனில், இணையத்தோடு இணைந்த கணினிக்கு இயங்குதல் மாத்திரம் போதாது; காவலும் வேண்டும். விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசொப்ட் நிறுவனம் அளித்துவந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8 ஆம் நாளோடும், விண்டோஸ் 7 க்கு உரியவை 2020 ஜனவரி 14 ஆம் நாளோடும் முடிந்தன. விண்டோஸ் 10 இன் பொதுவான தவணையும் 2025 அக்டோபர் 14 இல் முடிந்தது. குரோம் உலாவி எக்ஸ்பியை 49 ஆம் பதிப்போடும் விண்டோஸ் 7 ஐ 109 ஆம் பதிப்போடும் விட்டுச் சென்றது. பயர்பொக்ஸ் எக்ஸ்பிக்கு 52 ஆம் பதிப்பு வரையில் துணை நின்றது. 2017 மே மாதத்தில் 'வன்னாகிரை' என்னும் தீய செய்நிரல் உலகக் கணினிகளைப் பூட்டிப் பணயப் பணம் கேட்டது. பாதிக்கப்பட்டவற்றுட் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகளே. அவற்றுக்குரிய திருத்தம் இரண்டு மாதங்களுக்கு முன்னரே, மார்ச் மாதத்தில் வெளிவந்திருந்தது. அதனை நிறுவிக்கொள்ளாதவர்களே அகப்பட்டனர். திருத்தம் இருந்தும் நிறுவாதோர் நிலை இதுவாயின், திருத்தமே வராத கணினியிலே வங்கிக் கணக்கைத் திறப்பவர் நிலையை நேயர்களே எண்ணிக்கொள்ளலாம். துணைச் செய்நிரல் கொண்டு புதிய உலாவியை ஏற்றினாலும், அதன் அடியில் இருக்கும் தளம் ஓட்டையுள்ள தளமே.

அப்படியாயின் கணினியைக் குப்பையில் எறிந்துவிடுவதா? வேண்டியதில்லை. விண்டோஸ் 11 ஐ அது ஏற்காதென்பதால் கணினி செத்துவிட்டதாகக் கொள்ளவேண்டாம். மூப்படைந்தது பெரும்பாலும் பணிசெயல் முறைமையே. இயந்திரம் நன்றாகவே இருக்கும். அதில் லினக்ஸ் என்னும் விலையில்லாப் பணிசெயல் முறைமையை ஏற்றினால், இன்றைய பாதுகாப்போடு கூடிய இன்றைய உலாவி அதே பெட்டியிலே இயங்கும். லினக்ஸ் மின்ட் என்பதன் எக்ஸ்எவ்சிஈ பதிப்புக்கு 2 ஜிகாபைட் நினைவகம் குறைந்தபட்சம் வேண்டும்; 4 இருந்தால் நன்று. அதனிலும் பழைய 32 பிட் கணினியாயின் தெரிவு சுருங்கிவிடும். டெபியன் என்னும் முறைமை, 2025 ஓகஸ்ட் மாதம் வெளிவந்த தனது 13 ஆம் பதிப்போடு, அத்தகைய கணினிகளில் நிறுவும் வசதியை நிறுத்திவிட்டது. 12 ஆம் பதிப்பில் அவ்வசதி உண்டு. தமிழ் 99 விசைப்பலகையும் லினக்ஸில் கிடைக்கும். இவற்றை ஒரு யூஎஸ்பி குச்சியில் ஏற்றி, உள்ளே இருப்பதை அழிக்காமலே, முதலில் இயக்கிப் பார்த்துக்கொள்ளலாம். கணினி கற்கும் உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் ஒரு பிற்பகலிலே செய்து முடிக்கக்கூடிய வேலை இது.

எங்கள் கடிதங்களும் கோயில் திருவிழாத் துண்டுப்பிரசுரங்களும் பாமினியில் இருக்கின்றன, ஆகவே எக்ஸ்பியை விடமுடியாது என்று சொல்லுவோர் இன்றும் மலைநாட்டில் உளர். அவ்வச்சம் தேவையற்றது. பாமினி ஓர் எழுத்துருவே. புதிய விண்டோஸிலும் லினக்ஸிலும் அதனை நிறுவிப் படிக்கலாம், ஒருங்குறிக்கு மாற்றித் தரும் கருவிகளும் உண்டு. உண்மையாகவே பழைய விண்டோஸை விடமுடியாதவர் வேறு சிலர். பழைய கணக்குச் செய்நிரலையோ, புதிய விண்டோஸுக்கு இயக்கி கிடைக்காத அச்சுப்பொறியையோ நம்பியிருப்போர் அவர்கள். அவர்கள் அக்கணினியைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். இணையக் கம்பியை மட்டும் கழற்றிவிட வேண்டும்.

முடிப்பதற்கு முன், எதையும் மாற்றத் தொடங்குமுன் செய்யவேண்டிய ஒரு சோதனையைக் கூறிவிடுகின்றேன். எல்லா இணையத்தளங்களும் பாதுகாப்பற்றவை என்று உங்கள் பழைய கணினி திடீரென்று மறுத்தால், முதலில் திரையின் மூலையிலுள்ள தேதியைப் பாருங்கள். தாய்ப்பலகையிலே ஒரு சிறு பொத்தான் மின்கலம் உண்டு. அது தீர்ந்துவிட்டால், மின்சாரத்தை நிறுத்தும்போதெல்லாம் கணினியின் ஆண்டு பின்னோக்கிப் போய்விடும். இணையத்தளங்களின் சான்றிதழ்களுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டாதலால், பழைய ஆண்டில் நிற்கும் கணினிக்கு அவை இன்னும் பிறவாத சான்றிதழ்களாகவே தோன்றும். சி.ஆர். 2032 என்று கேட்டால் கைக்கடிகாரம் திருத்தும் கடையிலும் அந்த மின்கலம் கிடைக்கும்.