கணக்குக் கொப்பி யாருடைய கையில்?
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



டொக்டர்மார் மேடையேறினால் சீனி வருத்தம், பிரஷர் என்றுதான் பேசுவார்கள் என நினைத்திருப்பீர்கள். இன்று நாங்கள் வியாபாரக் கணக்கைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம்.

எங்கள் வகுப்பில் பலர் மருதமுனையின் தறிச் சத்தத்தில் பாடம் படித்தவர்கள். உம்மா நெய்த சாறனும் சாரியும் கடைக்குப் போகும். விற்ற பிறகு காசு வரும். எத்தனை போனது, எத்தனை விற்றது என்ற கணக்கு முதலாளியின் கொப்பியில் மட்டும் இருக்கும். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது தறிகளோடு கொப்பிகளும் போயின. நல்ல மனிதர்கள் நினைவிலிருந்தே கணக்குத் தீர்த்தார்கள். மற்றவர்களிடம் கேட்பதற்கு எங்கள் வீடுகளில் ஒரு துண்டுக் கடதாசியும் இருக்கவில்லை.

பெரிய கம்பனிகள் பலவும் விநியோகஸ்தர், முகவர், கடைக்காரர் என்ற பங்காளிகள் மூலமே பொருளை விற்கின்றன. அந்த உறவைப் பேணுவதற்கென்றே இப்போது மென்பொருள்கள் உண்டு. ஒவ்வொரு பங்காளிக்கும் தனிக் கடவுச்சொல். விலை, கொமிஷன், பயிற்சி எல்லாம் ஒரே இடத்தில். புதிய வாடிக்கையாளரைக் கண்டுபிடித்த முகவர் அந்த வியாபாரத்தைத் தன் பெயரில் பதியலாம். கம்பனி ஏற்றுக்கொண்டால், பின்னால் வரும் இன்னொரு முகவருக்கு அதில் உரிமை இல்லை. இது தூரத்து வித்தையல்ல. வாடிக்கையாளர் கணக்கை நிர்வகிக்கும் மென்பொருளை 2005இல் வெளியிட்ட ஸோஹோ நிறுவனத்துக்குத் தென்காசி அருகே ஒரு கிராமத்தில் அலுவலகம் இருக்கிறது. தமிழ் பேசும் கிராமத்துப் பிள்ளைகள் அங்கே வேலை செய்கிறார்கள்.

ஆனால், மென்பொருள் வந்தவுடன் நியாயம் வந்துவிடாது. பங்காளி எதைப் பார்க்கலாம் என்று தீர்மானிப்பது கம்பனிதான். கொப்பி கணினிக்குள் போனாலும் சாவி முதலாளியிடமே இருக்கிறது.

எங்கள் தொழிலில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. கர்ப்பிணித் தாய்க்கு இரண்டு பதிவட்டைகள்: ஒன்று தாயின் கையில், மற்றது மருத்துவமாதுவிடம். ஒன்று தொலைந்தாலும் மற்றது பேசும். நெய்கிற உம்மாமாருக்கும் அப்படியொரு இரண்டாம் பிரதி வேண்டும்.

மாணவச் செல்வங்களே, கணினி படிக்கிறீர்கள், இன்றிரவே தொடங்குங்கள். கடைக்குப் போகும் ஒவ்வொரு சாரியையும் திகதியுடன் எழுதிக் கடைக்காரரிடம் ஒப்பம் வாங்குங்கள். போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். நாளை நீங்களே மென்பொருள் எழுதும்போது, நெய்தவளும் திறந்து பார்க்கும்படி எழுதுங்கள்.

எங்கள் உம்மாமார் கேட்கத் தயங்கிய கணக்கை நீங்கள் கேட்க வேண்டும்.