எண்ணெய்க்கு இரண்டு வரி

செம்பனைக் குலை வெட்டுகிறவருக்கும், உதிரிப் பழம் பொறுக்குகிற தாய்மார்களுக்கும் 'உலக வாணிபம்' தூரத்துச் சங்கதியாகத் தோன்றலாம். தூரமில்லை. குலை லாரியில் ஏறும்போதே அது தொடங்கிவிடுகிறது.

நம் நாட்டில் வாணிபத்துக்கென்று செம்பனை முதலில் பயிரானது 1917இல், சிலாங்கூரில். அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமரம்! செம்பனைக்குப் பிறந்த வீடு தென்னமரம் என்பது வேடிக்கைதான்.

வெட்டிய குலை காத்திருக்காது. நேரம் போகப் போக எண்ணெயின் தரம் கெடும். ஆகவே ஆலை தோட்டத்துக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். நூறு கிலோ குலையைப் பிழிந்தால் ஏறக்குறைய 20 கிலோ கச்சா எண்ணெய் கிடைக்கும். சிவப்பாக இருக்கும் அதன் நிறத்தையும் வாடையையும் நீக்கினால்தான் கடையில் வாங்கும் பொன்னிற எண்ணெய். இந்த இரண்டாவது வேலையை எந்த நாட்டிலும் செய்யலாம். கச்சா எண்ணெய் கப்பல் பயணத்தைத் தாங்கும். சண்டையே இங்கேதான்.

1970களில் நம் அரசாங்கம் கச்சா எண்ணெய் ஏற்றுமதிக்கு வரி விதித்து, சுத்திகரித்த எண்ணெய்க்குச் சலுகை தந்தது. பாசிர் கூடாங், கிள்ளான் துறைமுகப் பகுதிகளில் சுத்திகரிப்பு ஆலைகள் பெருகின. தோட்டத்துப் பிள்ளைகள் போகக்கூடிய வேலைகளில் அதுவும் ஒன்றாயிற்று.

வாங்குகிற நாடு சும்மா இருக்குமா? 'நெல்லாகக் கொண்டு வா, வரி குறைவு. அரிசியாகக் கொண்டு வந்தால் கூடுதல்' என்றால், அரைக்கும் கூலி யாருக்குப் போகும்? இந்தியா செய்தது அதுதான். 2018 மார்ச்சில் கச்சா எண்ணெய்க்கு 44 விழுக்காடு, சுத்திகரித்ததற்கு 54 விழுக்காடு வரி. மலேசியாவும் இந்தியாவும் செய்துகொண்ட, 2011இல் நடப்புக்கு வந்த ஒப்பந்தப்படி, 2019 ஜனவரியில் நம் சுத்திகரித்த எண்ணெய்க்கு வரி 45 ஆகக் குறைந்தது, கச்சாவுக்கு 40. பத்தாக இருந்த இடைவெளி ஐந்தாயிற்று. நம் ஆலைகளுக்கு நல்ல காலம்; அங்குள்ள ஆலைக்காரர்கள் முறையிட்டார்கள். செப்டம்பரில் 50 ஆக ஏற்றினார்கள். 2020 ஜனவரியில், சுத்திகரித்த எண்ணெயை இறக்கத் தனி அனுமதி வேண்டும் என்றே சொல்லிவிட்டார்கள். கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் இருந்தும் வாசல் திறந்திருந்தது எட்டு மாதம்தான்!

வாசல் திறந்தால் வெட்டுகிறவர் கூலி உயருமா? தானாக உயராது. தீபகற்பத்தில் 2013இல் 900 வெள்ளியாக இருந்த குறைந்தபட்சச் சம்பளம் 2025இல் 1,700 வெள்ளியானது சட்டத்தால். சுங்க வாசலால் அல்ல.

சொந்தமாக நாலைந்து ஏக்கர் வைத்திருப்பவர் நிலை வேறு. அவர் பழத்தின் விலை கச்சா எண்ணெய் விலையை ஒட்டியே ஏறி இறங்கும். அத்துடன், அவர் குலைக்கு எத்தனை விழுக்காடு எண்ணெய் என்று கணக்கிடுகிறார்கள் என்பதும் சேரும். பழம் வாங்கும் தவுக்கேயிடம் அந்த விழுக்காட்டைக் கேளுங்கள். மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் அறிவிக்கும் விலையோடு சீட்டை ஒப்பிட்டுப் பாருங்கள்.